எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்பது இடம் ஏறியது

மே 12

பேக்கரி வேலை முடிந்து வந்தால் வீட்டில் சண்டை. பத்திரிகையில் பல்கலைக்கழகத் தரவரிசை. மலைமேல் இருக்கிற எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் தொண்ணூறாம் இடத்துக்கும் கீழே போய்விட்டது. அக்கா அங்கேதான் இரண்டாம் வருடம். அப்பா கால்பந்துப் பட்டியல் மாதிரிப் படித்தார்.

"இன்னும் ரெண்டு இடம் எறங்கினா கீழ் டிவிஷன்தான், டாம்சின்" என்றார் அக்காவிடம்.

இன்னொரு பத்திரிகை இதே இடத்துக்கு அறுபத்தெட்டு கொடுத்திருக்கிறதே என்றாள் அக்கா.

"அப்ப ஒருத்தன் பொய் சொல்றான்."

"யாரும் பொய் சொல்லலப்பா. அவனவனுக்குப் பிடிச்சதை அளக்கிறான். சேர்ற பிள்ளைங்களோட பழைய மார்க்கைக்கூட அளக்கிறான். உள்ள வந்து என்ன கத்துக்கிட்டாங்கன்னு எவன் அளக்கிறான்?"

செப்டம்பரில் நானும் அங்கே போகிறேன்.

மே 30

மார்க் இல்லாதவர்களுக்கு அங்கே ஓர் ஆரம்ப வருடம் உண்டு. பதினாறு வயதில் பள்ளியை விட்டவள் நான் — வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் ஒரு வார்த்தைகூட வெளியே வராது. ஏப்ரலில் நடந்த நேர்காணலிலும் வரவில்லை. அந்த வகுப்பை நடத்தும் ஹெட்டி ஒரு தாளைத் தள்ளி, "எழுதிக் காட்டு, அது போதும்" என்றார். படித்துவிட்டு, செப்டம்பரில் பார்ப்போம் என்றார். அதை நினைத்துக்கொண்டேதான் தினமும் மாவு பிசைகிறேன்.

ஜூலை 3

ஹெட்டி கடைக்கு வந்தார். சாசேஜ் ரோல் கேட்டார். காசு கொடுத்த பிறகும் போகவில்லை.

"அந்த வகுப்பை மூடிட்டாங்கம்மா. மார்க் இல்லாதவங்களைச் சேர்த்தா பட்டியல்ல நம்ம இடம் எறங்குதாம்."

அப்படியானால் நான் — நான்தான் இறக்குகிறேனா? அவர் கண் கலங்கியது. ஒரு பேப்பர் நாப்கின் கொடுத்தேன். வேறென்ன கொடுப்பது.

ஜூலை 4

வேலைக்குப் போனேன்.

ஜூலை 11

வகுப்பை மூடியதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்துக்கு அக்கா என்னை இழுத்துப்போனாள். மேடையில் இருந்த பல்கலைக்கழக அதிகாரி, பட்டியல் நியாயமானது என்று தானும் சொல்ல மாட்டேன், ஆனால் பெற்றோர் அதைப் பார்த்துத்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்றார். அக்கா என் முழங்கையில் இடித்தாள். "சொல்லுடி. உன் வாயால சொன்னாத்தான் அவங்களுக்கு உறைக்கும்." எழுந்தேன். எல்லாத் தலையும் திரும்பியது. உட்கார்ந்துவிட்டேன். ஏன் எனக்கு மட்டும் இப்படி? ச்சே. ஒரு வார்த்தை வரல.

செப்டம்பர் 20

இந்த நோட்டைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பல்கலைக்கழகம் ஒன்பது இடம் ஏறிவிட்டது. வாசலில் பெரிய பேனர். ஹெட்டி இப்போது அங்கே இல்லை. மழை வந்தால் வகுப்பறைக் கூரை மட்டும் பழையபடி ஒழுகுகிறதாம், அக்கா சொன்னாள்.

இன்று ஓர் அம்மா, மகளோடும் பெட்டிகளோடும் கடைக்கு வந்தார். பட்டியலைப் பார்த்துத்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்களாம். அவர்கள் கேட்ட ரோலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

"நல்ல இடந்தானேம்மா?"

அவர் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். பயந்திருந்தாள்.

"நல்ல இடந்தாங்க" என்றேன். பொய் சொல்லவில்லை.