பின்படியிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்கு

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை ஷிப்ட் முடிந்து டிக்கெட் பையை ஒப்படைக்கப் போனால் டிப்போ அறிவிப்புப் பலகையைச் சுற்றி ஒரே கூட்டம். நல்ல சேதியைப் பலகையில் ஒட்ட மாட்டார்கள் என்று பதினான்கு வருஷத்தில் தெரிந்துகொண்டிருக்கிறேன். ஜூன் முதல் தேதியிலிருந்து எந்தப் பேருந்திலும் கண்டக்டர் கிடையாதாம். பயணிகள் முன்வாசலில் ஏறி, ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் கருவியில் அட்டையைக் காட்டிவிட்டுப் போய் உட்கார வேண்டியதுதான். "மே 31க்குள் பயணிகள் பேருந்து ஓட்டும் உரிமம் பெறும் கண்டக்டர்கள் ஓட்டுநர்களாக அன்புடன் வரவேற்கப்படுவார்கள்." பெறாதவர்களைப் பற்றி அந்தத் தாளில் அன்பு எதுவும் இல்லை.

என்னிடம் இருப்பது கார் உரிமம். கார் இல்லாமலே வாங்கியது. வயது நாற்பத்திரண்டு.

வீட்டில் சொன்னேன். கணவர் லிப்ட் பழுது பார்க்கிறவர்; மேலே, கீழே தவிர வேறு திசை தெரியாது. "பஸ்ஸா? நீயா?" என்றார். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே "ஆமாம்" சொன்னேன். மகள் பள்ளி இறுதியாண்டு. அடுத்த வருஷம் அவளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். அவர் ஒருவர் சம்பளத்தில் அது நடக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

பிப்ரவரி 5

பெயர் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் படிவத்தை முழுசாகப் படித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போனேன். கண், காது, முழங்கால் எல்லாம் பார்த்தார் டாக்டர். புள்ளி புள்ளியாய் ஒரு படத்தைக் காட்டி உள்ளே என்ன எண் என்றார். சொன்னேன். கிழிந்த நோட்டை ஒட்டிக் கொடுத்தால் ஓடுகிற பேருந்தில் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

கடைசியில் படிவத்தைப் பார்த்து, "சட்டுன்னு கோபம் வருமா?" என்றார்.

"பதினாலு வருஷம் பஸ்ல டிக்கெட் கொடுத்திருக்கேன் டாக்டர்."

"அப்ப வராதுன்னு போட்டுக்கறேன்."

அவர் பேருந்தில் போகிறவர் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

பிப்ரவரி 20

கணினியில் எழுத்துத் தேர்வு. நாற்பது கேள்வி. ஒரு வாரமாய் மகள்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். நான் அவளுக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்தபோது எவ்வளவு கத்தினேனோ அவ்வளவும் வட்டியோடு திரும்பி வந்தது.

"ஓடும் பேருந்தில் பயணி மயங்கி விழுந்தால் ஓட்டுநர் முதலில் என்ன செய்ய வேண்டும்?"

"கண்டக்டரைக் கூப்பிடணும்" என்றேன்.

"அம்மா, கண்டக்டரே கிடையாதும்மா இனிமே."

அதற்கப்புறம் அன்று படிக்க முடியவில்லை. இன்று முப்பத்தேழு சரி. மயங்கி விழுந்த பயணிக்காக வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டினேன்.

மார்ச் 4

பயணிகளை நடத்தும் முறை பற்றி இரண்டு நாள் வகுப்பு. கட்டாயமாம். எனக்கு வேண்டாம், பதினான்கு வருஷம் அதைத்தான் செய்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அது அனுபவம், இது சான்றிதழ்" என்றார் அலுவலகத்துக்காரர்.

வகுப்பு எடுத்தவர் நல்ல சட்டை போட்டிருந்தார். "பயணி என்பவர் யார்?" என்று பலகையில் எழுதிவிட்டு எங்களைப் பார்த்தார். சில்லறை இல்லாதவர், என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல். முதியவர்கள் ஏறும்போது புன்னகைக்க வேண்டும், கோபக்காரர்களிடம் தாழ்ந்த குரலில் பேச வேண்டும் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார். எல்லாம் சரிதான். பேருந்து நகர்ந்துகொண்டிருக்கும்போது இதையெல்லாம் எந்தக் கையால் பிடித்துக்கொண்டு செய்வது என்பதற்குத்தான் படம் இல்லை.

சாயங்காலம் வெளியே வந்தால் அவருடைய கார் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் தாழ்ந்த குரலில் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

முதல் முறை ஓட்டினேன்!

பயிற்சியாளருக்கு முப்பது வயதிருக்கும். "அம்மா" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் "அக்கா" ஆயிற்று. ஏறுவதற்கு முன்னால் டயர், விளக்கு, அவசரக் கதவு, காற்றழுத்தம் எல்லாம் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு ஏறி உட்கார்ந்தேன். அந்த இருக்கையின் உயரம் பின்னாலிருந்து பார்க்கும்போது தெரியவே தெரியாது.

முதல் திருப்பத்திலேயே நடைபாதை மேல் ஏறப் போனேன். "கார் மாதிரி முன்னாடியே திருப்பாதீங்கக்கா. முன்சக்கரம் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு. நீங்க ரோட்டைத் தாண்டின மாதிரி இருக்கணும், அப்பத்தான் திருப்பணும்." சுவர் என் மூக்குக்கு வரும்வரை காத்திருந்து திருப்பினேன். வண்டி சமர்த்தாக வளைந்தது. எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

பதினான்கு வருஷமாய்த் தெருக்களைப் பக்கவாட்டில் பார்த்தே பழகியவள். இன்று தெரு நேருக்கு நேர் வந்தது. பயந்தேன். ஆனால் சந்தோஷமாக இருந்தது, எனக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு.

மார்ச் 26

பின்னோக்கி எடுத்து நிறுத்தும் பயிற்சி. எல்லைக்கு வைத்திருந்த மூன்று பிளாஸ்டிக் கூம்புகள் காலி. நான்காவது கூம்பை வண்டிக்கு அடியிலிருந்து எடுத்தார்கள்.

வேலையில் எங்கள் வண்டி ஓட்டும் அண்ணனிடம் சொன்னேன். பதினோரு வருஷமாய் ஒரே வண்டி: முன்னால் அவர், பின்னால் நான். நடுவில் கூரையோடு போகும் மணிக்கயிறு. ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி அதுதான். சண்டையே வந்ததில்லை. சில தம்பதிகளுக்குச் சிபாரிசு செய்யலாம்.

"ரிவர்ஸ்ல நீ பின்னாடி நின்னு 'வா, வா'ன்னு கத்துவே, நான் வந்துடுவேன்" என்றார் அண்ணன். "நான் ஒருநாளும் கண்ணாடியைப் பார்த்ததே இல்ல தங்கச்சி."

இருபது வருஷம் உரிமம் வைத்திருப்பவர் சொல்கிறார்.

ஏப்ரல் 2

நாளை முதல் அண்ணன் கண்டக்டர் இல்லாத வண்டியில். வெள்ளோட்டமாம். எனக்கு அதே தடத்தில் வேறு வண்டி, வேறு ஓட்டுநர். பிடரியே பழக்கமில்லாத பிடரி.

ஏப்ரல் 9, புதன்

போச்சு.

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

காலை பத்தேகாலுக்குச் சாலைத் தேர்வு. அதிகாரி என் பின்னால் முதல் வரிசையில் தாளோடு உட்கார்ந்தார். வண்டிச் சோதனை சரி. மேட்டில் நிறுத்தி எடுத்தது சரி. பின்னோக்கி நிறுத்தியதும் சரி, ஒரு கூம்பும் அசையவில்லை! எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் கெடுத்தது.

கடைசியாக ஒரு நிறுத்தத்தில் பயணிகள் ஏறுவதாக நினைத்து நிறுத்தி, திரும்ப எடுக்க வேண்டும். ஓரமாய், நேராய், அழகாய் நிறுத்தினேன். கதவைத் திறந்தேன். மூடினேன். கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்தே இருந்தேன்.

பின்னால் அதிகாரி இருமினார். தேர்வில் பேசக் கூடாது என்று நினைத்து நான் திரும்பவில்லை. ஒரு கார் ஒலி எழுப்பிவிட்டுப் போனது. இன்னொன்றும் போனது.

"ஏம்மா நிக்கறீங்க?"

"மணி அடிக்கல சார்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அந்த வண்டியில் மணியே இல்லை. அடிக்க வேண்டியவளும் நான்தான். வண்டியை எடுக்கவே வேண்டாம், அப்படியே இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. "காரணமின்றி ஒரு நிமிடம் நாற்பது நொடி சாலையில் நிறுத்தி வைத்தார்" என்று எழுதித் தேறவில்லை என்ற கட்டத்தில் கோடு போட்டார்.

காரணமில்லாமலா? பதினாலு வருஷமா அதுதானேடி காரணம்! யார்கிட்ட போய்ச் சொல்றது? அடுத்த தேதி மே பதினாலுதானாம். அதுலயும் போச்சுன்னா அவ்வளவுதான், அதுக்கப்புறம் தேதி கிடையாது. பொண்ணு மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன்?

ஏப்ரல் 10

மகள் காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். குடித்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

டிப்போ வாசலில் அண்ணன் எனக்காகக் காத்திருந்தார். யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார், இப்போது அழப்போகிறேன் என்று நினைத்தேன்.

"நீ ஒண்ணே முக்கால் நிமிஷம்தானே?" என்றார். "நான் வியாழக்கிழமை காலையில சந்தைப் பக்கத்து நிறுத்தத்துல நாலு நிமிஷம் நின்னேன். வண்டி நிறைய ஜனம். பின்னாடி இருந்து ஒருத்தன் 'டிரைவருக்கு என்னாச்சுன்னு பாருங்கப்பா'ன்னு கத்தினான். அப்பத்தான் எனக்கு நீ இல்லைன்னு ஞாபகம் வந்தது."

இரண்டு பேரும் டிப்போ வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். காவலாளி எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். நாலு நிமிஷம் நின்றவருக்கு உரிமம் இருக்கிறது. ஒண்ணே முக்கால் நிமிஷம் நின்றவளுக்கு இல்லை. உரிமம் என்பது இதற்குத்தான் போலிருக்கிறது.

ஏப்ரல் 21

வீட்டில் பயிற்சி. நான் நாற்காலியில், கையில் ஸ்டியரிங்காகச் சாப்பாட்டுத் தட்டு. பின்னால் கணவரும் மகளும் பயணிகள். கதவைத் திற, மூடு, கண்ணாடி பார், விளக்கைப் போடு, எடு. கதவைத் திற, மூடு, கண்ணாடி... ஐம்பது தடவை. கணவர் முப்பதாவது நிறுத்தத்தில் தூங்கிவிட்டார். பயணி என்றால் அப்படித்தான், குறை சொல்ல முடியாது.

இன்னும் காது காத்திருக்கிறது. கை போகலாம் என்கிறது, காது பொறு என்கிறது.

மே 6

பயிற்சியாளர் புதிதாய் ஒன்று சொன்னார். "மணி அடிக்கறதை விடாதீங்கக்கா. ஆள மட்டும் மாத்துங்க. கண்ணாடியில எல்லாரும் உட்கார்ந்தாச்சு, ஓரத்துல யாரும் ஓடி வரலைன்னு பாக்கறீங்க இல்ல? அதுதான் உங்க மணி."

இத்தனை நாள் இந்த மனிதரைச் சின்னப்பையன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 14, புதன்

அதே அதிகாரி. அதே தாள். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. தெரியாமல் எப்படி இருக்கும்? அவர் வீட்டில் இந்நேரம் நான் பிரபலமாகியிருப்பேன்.

மேட்டில் நிறுத்தும்போது வண்டி ஒரு சாண் பின்னால் போய்விட்டது. பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டது. சரி, இன்றோடு முடிந்தது, கண்ணாடிக் கடையிலோ துணிக்கடையிலோ வேலை தேட வேண்டியதுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மீதியை ஓட்டினேன். நிறுத்தம் வந்தது. கதவைத் திறந்தேன். மூடினேன். கண்ணாடியில் பார்த்தேன். அதிகாரி உட்கார்ந்திருந்தார், ஓரத்தில் யாரும் ஓடி வரவில்லை. எடுத்தேன்.

"இந்தத் தடவை நானே அடிக்கலாமான்னு நினைச்சேன்" என்றார் அதிகாரி, தாளைக் கிழித்துக் கொடுக்கும்போது. முகத்தில் சிரிப்பே இல்லை.

தேறிவிட்டேன். தேறிவிட்டேன். தேறிவிட்டேன்.

கணவர் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஸ்பெல்லிங் எல்லாம் சரியா இருக்கா பாத்துக்கோ" என்றார். பிறகு குளியலறைக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

மே 31, சனி

கண்டக்டராகக் கடைசி நாள். எங்கள் டிப்போவின் பதினோரு கண்டக்டர்களில் நாலு பேர் உரிமம் வாங்கியிருக்கிறோம். மற்ற ஏழு பேருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இனி எந்த மணிக்கும் எங்கேயும் போக வேண்டாதவர்களுக்கு. கைதட்டினோம். எனக்குக் கை வலித்தது. எங்களுக்கு ஆளுக்கொரு தொப்பி.

ஜூன் 2, திங்கள்

ஏழு மணிக்கு என் முதல் வண்டி. தொப்பி பெரிது, காது வரை இறங்குகிறது. வெயில் கண்ணில் அடிக்கும் என்று கறுப்புக் கண்ணாடி வேறு. பக்கத்தில் தடுப்புக் கண்ணாடி. மகள் புகைப்படம் எடுத்துவிட்டு, "அம்மா, உன்னை மாதிரியே இல்ல" என்றாள்.

மூன்றாவது நிறுத்தத்தில் மருந்துக்கடையில் வேலை செய்யும் அம்மா ஏறினார். ஒன்பது வருஷமாய்த் தினமும் என் வண்டிதான். இடது முழங்காலில் வலி என்பது தெரியும், மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதும் தெரியும். கம்பியைப் பிடித்து ஏறி, அட்டையைக் கருவியில் காட்டி, என்னைப் பார்க்காமல் காலியாய்க் கிடந்த பின்பக்கத்தைப் பார்த்தார்.

"டிரைவர், நம்ம கண்டக்டரம்மா எங்க? வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?"

வாயைத் திறந்தேன். தலைக்கு மேல் பலகையில் ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. ஓட்டுநர் பேசலாமா என்று அதில் இல்லை.

"பாவம், தங்கமான பொம்பளை" என்று அவரே தொடர்ந்தார். "வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

பின்னால் நின்றவர்கள் ஏறத் தள்ளினார்கள். அவர் உள்ளே நகர்ந்தார். கதவை மூடினேன். நேரம் ஏற்கெனவே இரண்டு நிமிஷம் பிந்தியிருந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு கம்பியாய்ப் பிடித்துப் போய், இடது காலை நீட்ட வசதியாய் நடைபாதை ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தேன்.