வளவுப் பள்ளம்

மயிலிட்டி,
ஞாயிறு.

இஞ்சாருங்கோ,

எங்கள் வீட்டு வளவில் இருக்கும் பள்ளம் விண்கல் விழுந்து உண்டானது என்று மகளுக்கு ஏன் சொன்னீர்கள்? சொல்லிவிட்டு நீங்கள் வேலைக்கென்று கட்டாருக்குப் போய்விட்டீர்கள்.

ஜெசிதா அதைப் பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சியில் வைத்தாள். கல் மோதியதும் மண் எகிறி விளிம்பாகக் குவியும், ஆயிரமாயிரம் ஆண்டு மழையில் அந்த விளிம்பு கரைந்து, குழியில் தண்ணீர் தேங்கிக் குளமாகும் என்று அழகாக விளக்கினாள். பார்க்க வந்த ஒருவர் சிரித்தார். "பிள்ளை, உது சண்டைக் காலத்திலை பொம்மர் பிளேன் போட்ட குண்டாலை வந்த பள்ளம்." மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், "அப்பா ஏனம்மா பொய் சொன்னவர்?" என்று கேட்டாள். அவள் பள்ளத்துக்குள் இறங்கி, துருப்பிடித்த இரும்புத் துண்டொன்றை எடுத்து வந்தாள்.

"விண்கல்லிலும் இரும்பு இருக்கும்தானே அம்மா?"

இன்னும் உங்களை நம்பத்தான் பார்க்கிறாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்றுப் போனில் என்ன சொன்னீர்கள்? "லொறியிலை மண் கொண்டுவந்து பறிச்சு, பள்ளத்தை நிரவிவிடும்." நிரவ மாட்டேன். அந்த இடத்தில் உங்கள் அக்கா சமைக்கிற குசினி இருந்தது என்று நீங்களே வந்து பிள்ளையிடம் சொல்லுங்கள். குண்டு விழுந்த அன்றைக்கு அக்கா அதற்குள்ளே நின்றதையும் சொல்லுங்கள்.

உங்கள் மகளின் அம்மா