பத்து எண்ணுவதற்குள்

மார்ச் 4, செவ்வாய்

தையல்காரப் பெண்ணின் இரத்தப் பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை. ஆய்வகத்திலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குப் போனில் சொன்னார்கள். வயது இருபத்தொன்பது. சமையலறையில் மயங்கி விழுந்தாள் என்று கணவன் தூக்கி வந்தான். ஈசிஜி, இரத்த அழுத்தம் இரண்டும் சரி. மயங்கியவருக்கு நினைவிருக்காது, பக்கத்தில் இருந்தவரைக் கேள் என்று இருபது வருடமாகப் பயிற்சி மருத்துவர்களிடம் சொல்லி வருகிறேன். கேட்டேன்.

"நின்னுட்டுதான் இருந்தா சார். பத்து எண்றதுக்குள்ள கண்ணு சொருகிடுச்சு."

அவள் குரல் கரகரத்தது. சளியா என்றேன். தலையாட்டினாள். மயக்க நோயாளிகளுக்குப் போடும் ஆபத்து மதிப்பெண் பூஜ்யம். வீட்டுக்கு அனுப்பினேன்.

மார்ச் 5

மயங்கி வந்தவர்கள் ஏழு பேர். ஒருவரை மட்டும் சேர்த்தோம்.

மார்ச் 7, வெள்ளி

தையல்காரப் பெண்ணை அவளுடைய அக்கா அழைத்து வந்தாள். இடது இமை தொங்குகிறது. வலது கையில் பிடி இல்லை. தலைமை நர்ஸ் — நாங்கள் மேஜர் என்போம் — அவள் கூந்தலை ஒதுக்கினார். காதுக்குக் கீழே நான்கு விரல் தடம், பழுத்து மஞ்சளாகி. மறுபக்கம் ஒரு கட்டைவிரல். இமைக்குள் இரத்தப் புள்ளிகள்.

"சளியா சார் இது?" என்றார் மேஜர்.

கழுத்தை நெரித்தால் நினைவு தப்பப் பத்து விநாடி போதும். பாவி, அளந்துதான் சொல்லியிருக்கிறான்.

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"அவரு பக்கத்துல நிக்கும்போதுதானே சார் கேட்டீங்க?"

மாலை 4.10. கணவன் திரையைக் கிழித்துக்கொண்டு வந்தான். "மானத்த வாங்கவா வந்தே?" குளுக்கோஸ் மாட்டும் கம்பியைப் பிடுங்கி அக்காவின் வாயில் அடித்தான். இரண்டு பல் தரையில். குறுக்கே போனேன். அவன் விரல்கள் என் கழுத்தில். கத்த நினைத்தேன், காற்று இல்லை. ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. மேஜர் ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பேனரால் அவன் மணிக்கட்டில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. காவலாளிகள் அவனைக் குப்புறத் தள்ளி அமுக்கினார்கள். கிடந்தவனை நான் உதைத்தேன். விலாவில், இரண்டு முறை. யாரை உதைச்சேன்? அவனையா, நாலாந்தேதி அவளை வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்ட ஆளையா?

"போதும் சார். அவனுக்கும் நாமதான் கட்டுப் போடணும்" என்றார் மேஜர்.

மார்ச் 8, சனி

அவள் கழுத்தின் இடது இரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருக்கிறது. ஸ்கேன் மருத்துவர் காலை 9.20க்கு உறுதி செய்தார். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஓடுகிறது. கணவன் காவலில். செவ்வாய்க்கிழமைத் தவறையும் அந்த இரண்டு உதைகளையும் எழுதி மேலிடத்தில் கொடுத்துவிட்டேன். விசாரணை திங்கட்கிழமை.

திரையை மூடி, அவளிடம் தனியாகக் கேட்டேன். "இது எத்தனாவது தடவம்மா?"

இடது கையின் ஐந்து விரலையும் விரித்தாள். மடக்கினாள். மறுபடி விரித்தாள்.

போலீசுக்கு வாக்குமூலம் தருகிறாள். இன்று குரல் அறவே போய்விட்டது. வலது கையில் பேனா நிற்கவில்லை. வாயில் தையலோடு அக்கா காகிதத்தை அழுத்திப் பிடித்திருக்க, இடது கையால் எழுதுகிறாள். மாலைவரை ஆறு வரி.

வலது கையில் தொடங்கிய பக்கவாதம் இதோடு நிற்குமா, உயிருக்கே ஆபத்தாகுமா, இப்போது யாராலும் சொல்ல முடியாது. அடுத்த ஸ்கேன் நாளை காலை பத்து மணிக்கு.