படிவத்தில் எழுதாத சூப்

அண்ணை,

நீங்கள் இருந்த பேஸ்மென்டை அப்பா மறுபடி வாடகைக்கு விடப் போகிறார். துப்புரவாக்கப் போனபோது அடுப்புக்கு மேலுள்ள அலுமாரியின் மூலையில் உங்கள் ஜாம் போத்தல் அகப்பட்டது. மூடியைத் திறந்தேன். மார்ஜோரம். ஐந்து வருடமாகியும் அந்தக் காய்ந்த இலை மணத்தை விடவில்லை. பக்கத்தில் ஒரு பையில் காய்ந்த காளான். இரண்டையும் மேலே கொண்டுவந்து காளானைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டேன். இன்று வெள்ளிக்கிழமைதான். உருளைக்கிழங்கு அவிகிறது. அது அவியும்வரை இதை எழுதுகிறேன்.

இங்கே வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்த முதல் வெள்ளியே இந்த உருளைக்கிழங்குச் சூப்பைக் காய்ச்சினீர்கள். கனடாவுக்கு வரும் வழியில், ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்ட் உங்களைச் செக் நாட்டில் ஒரு கிராமத்து வீட்டில் எட்டு மாதம் விட்டு வைத்திருந்தான். அந்த வீட்டு அம்மாவின் பாஷை உங்களுக்குத் தெரியாது. வெள்ளியில் நீங்கள் இறைச்சித் தட்டைத் தள்ளி வைப்பதை இரண்டு தடவை பார்த்தாவாம். மூன்றாம் வெள்ளி எலும்பு போடாமல் தனிச் சட்டியில் காய்ச்சித் தந்தாவாம். இதைச் சொல்லும்போது உங்கள் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல இருக்கும்.

அம்மாவுக்குச் சந்தேகம். "காளான் சைவமோ தம்பி?" என்று சட்டியை எட்டிப் பார்த்தா.

"நிலத்தில முளைக்கிறதுதானே அன்ரி. நடந்து போறது ஒண்டும் நான் போடேல்லை."

அப்பா மிளகாய்த்தூள் போத்தலோடு வந்தார். நீங்கள் சட்டியின் மேல் கையை விரித்துக்கொண்டு நின்றீர்கள். அங்கே ஒருவரும் போடுவதில்லை என்றீர்கள். வெண்ணெயில் வறுத்த மாவு, கரட், உள்ளி. கடைசியில் மார்ஜோரத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்து உதிர்ப்பீர்கள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

உங்கள் அகதி விண்ணப்பத்தை எழுதியவள் நான். இருபத்திரண்டு வயது, பல்கலைக்கழகம், நல்ல ஆங்கிலம், அதைவிடப் பெரிய தலைக்கனம். செக் நாட்டை விட்டுவிடச் சொன்னவர் அப்பா. "நிண்ட நாட்டைச் சொன்னா, ஏன் அங்கையே கேக்கேல்லை எண்டு பிடிப்பாங்கள். எல்லாரும் உப்பிடித்தான் எழுதினவை." அவரும் மொஸ்கோவில் நின்ற ஐந்து மாதத்தை விழுங்கிவிட்டுத்தான் இங்கே வீடு வாங்கினார். ஆகவே உங்கள் எட்டு மாதத்தையும் கொழும்பில் ஒரு அறைக்குள் ஒளித்து வைத்தேன்.

நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த வீட்டு மனிசி இல்லையெண்டு எழுதுறதோ, தங்கச்சி?"

"உது சமையல் குறிப்பில்லை அண்ணை" என்று சொன்னேன்.

ஒழுங்கையின் பெயர், கதவின் நிறம், யார் எப்போது வந்தது என்று எல்லாம் பாடமாக்கினோம். சாப்பாட்டைப் பாடமாக்கவில்லை. விசாரணையில் அதிகாரி அதைத்தான் கேட்டார், அதுவும் தன்மையாக. அந்தக் கொழும்பு அறையில் இருந்தபோது என்ன சாப்பிட்டீர்கள்?

"உருளைக்கிழங்குச் சூப்பும் பாணும்" என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்களால் அந்தச் சட்டியில் எதையும் குறைக்க முடியாதே. "அந்த வீட்டு அம்மா காட்டில பொறுக்கின காளானைக் காயவைச்சுப் போடுவா."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொன்னார். அதிகாரி எழுதினார், நிமிர்ந்தார். கொழும்பில் எந்தக் காடு?

நீங்கள் திரும்பி, பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தீர்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த நிலத்தின் சாம்பல் கார்பெட்டில் ஒரு கோப்பிக் கறை இருந்தது. இப்போதும் கண்ணை மூடினால் முதலில் வருவது அதுதான்.

நம்பகத்தன்மை இல்லை என்று முடிவு வந்தது. உங்கள் முதுகிலிருந்த தழும்பு பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. காளானில் பொய் சொன்னவன் தழும்பிலும் பொய் சொல்லியிருப்பான் என்பது அவர்கள் கணக்கு. வழியில் எந்த நாட்டிலும் தங்காமல் நேராக இங்கே வந்து விழுந்தவன்தான் உண்மையான அகதி என்று எங்களை நம்ப வைத்தவர்கள் யார்? பொய் எழுதியது நாங்கள். உண்மைக்குப் பயப்பட எங்களைப் பழக்கியது இந்த நாட்டின் கதவு. இதை எத்தனை தரம் சொன்னாலும் என் பங்கு குறையவில்லை.

உங்களைத் திருப்பி அனுப்பிய அன்று விமான நிலையத்தில் உங்களோடு இரண்டு அதிகாரிகள் நின்றார்கள். "உம்மில ஒரு பிழையும் இல்லைத் தங்கச்சி" என்றீர்கள். அதைச் சொல்லும்போது நிலத்தைப் பார்த்தீர்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது, அண்ணை.

ஊரில் இரண்டு தரம் ஆட்கள் வந்து விசாரித்ததாக உங்கள் தங்கை ஃபோனில் சொன்னா. மூன்றாம் தரம் வர முன்னம், ஒரு காலை நீங்கள் எழும்பவில்லை. நெஞ்சுவலி என்று எழுதினார்களாம். முப்பத்தேழு வயது. அதை யார் எழுதினார்கள், எதை விட்டுவிட்டு எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கார்பரோவில் ஒரு மண்டபத்தில், வழக்கறிஞர் ஒருவரோடு இருந்து இப்போதும் படிவம் நிரப்புகிறேன். போன கிழமை ஒரு பெண்ணைத் தாய்மாமன் கூட்டிவந்தார். "வழியை விட்டிட்டு எழுதும் பிள்ளை, எல்லாரும் உப்பிடித்தான்" என்றார். அப்பாவின் அதே குரல். அவரைத் தேத்தண்ணி வாங்கிவர அனுப்பிவிட்டு அவளிடம் கேட்டேன், "வாற வழியில என்ன சாப்பிட்டனீங்கள்?"

தாய்மாமன் போன கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சோளக் கஞ்சி" என்றாள்.

எந்த நாட்டில் என்று கேட்டேன். எந்தக் காடு என்று அன்று அதிகாரி கேட்டது போலத்தான். அவள் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கும்வரை, அண்ணை, நான் நிலத்தைப் பார்க்காமல் இருந்தேன்.