நம்மைப் பயிற்சிக்கு அனுப்பிய வாரம்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே மாம்பழக் கூழ் வாடை முகத்தில் அடித்தது. ஆலைகள் ஓடும் பருவம். கல்லூரி விடுமுறையில் அப்படியொரு ஆலையில் நீ வேலை பார்த்ததும், எத்தனை முறை துவைத்தாலும் சட்டையை ஈ விடவில்லை என்று சொல்லிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. நீதிமன்றத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியவன் அங்கேயே நின்றுவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

காவேரிப்பட்டினத்து மாங்காய் வியாபாரியின் மகன் நீ. ராயக்கோட்டையில் தக்காளி பயிரிடும் குடும்பத்தவன் நான். ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் அந்த நிறுவனத்தின் மென்பொருள் சோதனைப் பிரிவில் நமக்கு அடுத்தடுத்த நாற்காலி. வண்டிக்குள் ஓடும் மென்பொருள் எங்கே, எப்போது தவறும் என்று தேடிக் கண்டுபிடிப்பது நம் வேலை. பலருக்கு அது அலுப்பூட்டும் வேலை. உனக்கு அப்படி இல்லை.

"நல்லா ஓடுதுன்னு சொல்றதுக்கு விளம்பரக்காரங்க இருக்காங்க மாப்ள. எப்ப ஓடாதுன்னு சொல்லத்தான் நமக்குச் சம்பளம்" என்பாய்.

அந்தத் தவறை நீ கண்டுபிடித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வண்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது புதிய மென்பொருள் தானாக இறங்கினால், சில சமயம் பேட்டரி சூடானதை வண்டி உணரவில்லை. நிறுத்த வேண்டிய சார்ஜை நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே போனது. ஒரு தடவை வரும், பிறகு பல தடவை வராது. நிரல் எழுதியவர்கள் தங்கள் இடத்தில் அது வரவே இல்லை என்றார்கள். நீ விடவில்லை. மறுபடி மறுபடி ஓட்டி, அது வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய்.

மேலாளர் நம் மேசைக்கே வந்தார். வெளியீட்டுத் தேதி நெருங்கியிருந்தது.

"என்ன பாய், எப்பவாச்சும் ஒரு தடவ வர்றதுக்கு மொத்த ரிலீஸையும் நிறுத்தச் சொல்றீங்களா? அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

"அந்த ஒரு தடவ யார் வீட்ல சார் வரும்?" என்று கேட்டாய்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். உன் ஒப்புதல் இல்லாமல் வெளியீடு போகாது. நீ தரவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. சோதனைப் பகுப்பாய்வாளர்களுக்கான உயர்நிலைப் பயிற்சிக்கு நாம் இருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தோம். அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர் சாலையில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் வகுப்பு. வருடா வருடம் நீ கேட்டு, வருடா வருடம் இல்லை என்று சொல்லப்பட்ட பயிற்சி. நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. புதுச் சட்டை எடுத்தாய். உன் மனைவி எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லி டப்பா நிறைய இனிப்பு அனுப்பியிருந்தாள். "நம்ம வேலையையும் ஒரு படிப்பா மதிச்சு அனுப்பறாங்க பாத்தியா" என்று பேருந்தில் என்னிடம் சொன்னாய்.

பயிற்சி கொடுத்தவர் பெங்களூர்க்காரம்மா. கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினார். எல்லாவற்றையும் சோதிக்க நேரம் கிடைக்காது, அதனால் ஆபத்து எங்கே அதிகமோ அங்கிருந்து தொடங்கு என்பதுதான் முதல் இரண்டு நாள் பாடம். நீ சின்னப் பையனைப் போலக் குறிப்பெடுத்தாய். மூன்றாம் நாள் காலை, ஏதாவது ஒரு கருவி எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கெல்லாம் போகும் என்று படம் வரையச் சொன்னார். நீ நம் வண்டியை வரைந்தாய். பெயர் போடவில்லை. சார்ஜ் ஏறுவது, சூடாவது, மென்பொருள் இறங்குவது, நிற்பது. ஓர் அம்புக்குறி மட்டும் எங்கேயும் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்தது.

அந்தம்மா உன் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இது இன்னும் வெளிய போகல, அல்வா? போகலதானே?"

"நான் ஓகே சொல்லாம போகாது மேடம்" என்றாய்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபோது உன் கைப்பேசியில் செய்தி வந்தது. வெளியீடு வெற்றிகரமாக முடிந்தது, உழைத்த அனைவருக்கும் பாராட்டு. முதல் ஆளாக உன் பெயர் இருந்தது. நீ ஊரில் இல்லாததால் மேலாளரே உன் இடத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தார்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு அவரை அழைத்தாய். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ சொன்னது மட்டும் கேட்டது. "அதுக்குத்தான் என்ன இங்க அனுப்பினீங்களா சார்?"

பிற்பகல் வகுப்புக்கு நீ வந்தாய். கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். எதையும் எழுதவில்லை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மத்திகிரிப் பக்கம், பார்சல் கொண்டு கொடுக்கும் முனிராஜ் என்பவரின் வீட்டில் சார்ஜுக்குப் போட்டிருந்த வண்டி எரிந்தது. அவர் மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. விசாரணை என்று வந்ததும் நிறுவனம் உன்னைக் காட்டியது. சோதனைக்குப் பொறுப்பாளர் நீ, சரியாகச் சோதிக்கவில்லை என்றார்கள். வேலை போனது. அடுத்து எங்கே நேர்காணலுக்குப் போனாலும் அந்தச் செய்தி உனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

நீ வாதாடிக்கொண்டு திரியவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு முனிராஜ் வீட்டுக்குப் போனாய். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். சுவரில் கரி இன்னும் போகவில்லை. அவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"இப்புடி ஆவும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும். சொன்னேன். நிறுத்த முடியல."

"தெரிஞ்சவங்க எல்லாரும் உங்களுக்குள்ள சொல்லிக்கினுதான் இருந்திருக்கீங்க. எங்களுக்கு ஒருத்தர் சொல்லலயே" என்றார். கதவைச் சாத்திவிட்டார்.

 ஓசூர் பேருந்து நிலையத்தில் பிரியும்போது, "அவர் கேட்டது சரிதான்டா" என்றாய்.

சில மாதம் கழித்து முனிராஜின் தம்பி உன்னைத் தேடி வந்தார். நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். அன்று வாசலில் சொன்னதை நீதிமன்றத்தில் சொல்வாயா என்று கேட்டார். நீ யோசிக்கவே இல்லை. நிறுவன ரகசியத்தை வெளியே சொன்னால் உன் மேல் நடவடிக்கை எடுப்போம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. மாங்காய் வியாபாரம் பார்க்கும் உன் அத்தா பயந்தார். நீ சாட்சி சொல்லும் நாளுக்காகக் காத்திருந்தாய்.

அந்த நாள் வரவில்லை. ஒரு காலை, தொழுகை முடித்து எழும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். கிருஷ்ணகிரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை உனக்கு.

சில நாட்கள் கழித்து உன் மனைவி என்னிடம் கேட்டாள். அழுதுகொண்டு கேட்கவில்லை. "அவரு போகவேண்டிய எடம். நீங்க போவீங்களாண்ணா?"

போனேன். கிருஷ்ணகிரியில் இறங்கி அந்த மாம்பழ வாடையில் நின்றது அன்றைக்குத்தான். நான் அதற்குள் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தேன், எனக்கும் அதே நோட்டீஸ் வந்தது. ஆனாலும் கூண்டில் ஏறினேன். நிறுவனத்தின் வக்கீல் மென்மையாகவே பேசினார்.

"வெளியீட்டு அன்னைக்கு உங்க நண்பர் அலுவலகத்துலயே இல்ல. உயர்நிலைப் பயிற்சியில இருந்தார். சரிதானே?"

"சரி."

"அப்படின்னா பொறுப்பான நேரத்துல அவர் இடத்துல இல்ல."

"அவரை இடத்துல இல்லாம பண்ணத்தான் பயிற்சிக்கு அனுப்பினாங்க. அவர் சோதிச்சார். சார்ஜ் நிக்காம ஏறினத என் கண்ணால பாத்தேன். வெளிய விடக் கூடாதுன்னு அவர் சொன்னப்போ பக்கத்துல இருந்தேன்."

நீதிபதி எழுதிக்கொண்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. வழக்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. மேலாளர் இப்போது இன்னும் பெரிய பதவியில் இருக்கிறார்.

வெளியே வந்தபோது முனிராஜ் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். முன்பைவிட ஒடுங்கிப் போயிருந்தார்.

"அன்னிக்கி அவர நான் உள்ள கூடக் கூப்புடல. ஒரு சொம்பு தண்ணி குடுக்கல" என்றார். பிறகு, "எங்க அடக்கம் பண்ணியிருக்காங்க?" என்று கேட்டார்.

காவேரிப்பட்டினத்துக்குப் பேருந்தில் கூட்டிப்போனேன். கபர்ஸ்தான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எப்படி நிற்பது, எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அவர் உன்னிடம் ஏதோ சொன்னார். உனக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும் என்று நான் விலகி நின்றேன்.

அடுத்த வாய்தாவுக்கும் என்னை அழைத்திருக்கிறார்கள். குறுக்கு விசாரணை இன்னும் முடியவில்லை, இதைவிடக் கடுமையாக இருக்கும் என்கிறார் முனிராஜ் தரப்பு வக்கீல். நீ கூண்டில் ஏறிச் சொல்லாமல் விட்டுப்போனது என்னிடம் இருக்கிறது. அவர்கள் எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்வேன்.