பர்ஹத்தை ஓடைக்குக் கூட்டிப்போனது

5.11.2006, ஞாயிறு

பெருநாள் பலகாரம் இன்னும் டப்பாவில் கிடக்கிறது. அதைக் கொறித்துக்கொண்டே பர்ஹத், "செண்பகத்தோப்பு ஓடைக்கு மறுபடி எப்பம்மா போவோம்?" என்று கேட்டாள். போய் ஏழு வருஷம் ஆச்சு. அப்போது அவளுக்கு நாலு வயசு. இடுப்பில் வைத்தால் ஒட்டிக்கொள்வாள். பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஆனாலும் ஓடையில் காலை நனைத்தபோது தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு மாதிரி நான் சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

இப்போது பதினொரு வயசு. சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவதற்குள் எனக்கு முதுகு விட்டுப்போகிறது. எங்கே தூக்க?

8.11.2006

வருகிற ஞாயிறு போகலாம்னு பர்ஹத்தோட அத்தா சொல்லிட்டாக. பட்டாசு லோடு அடிக்கும் சங்கரபாண்டியன், தீபாவளி சீசன் முடிந்து வண்டியைச் சும்மா போட்டிருக்கிறார். பாதை இருக்கிற வரை நாற்காலி. அதுக்கு மேலே கல்லும் வேரும்தானே? "ரெண்டு மூங்கில் கம்பு, நடுவுல நம்ம கடைச் சாக்கு. தூளி கட்டித் தூக்கிருவோம்" என்கிறாக. மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரருக்குச் சாக்கை விட்டால் வேறென்ன தோணும்.

10.11.2006, வெள்ளி

ரெண்டு சாக்கு வந்தது. மூணு தடவை அலசிக் காயப்போட்டேன். மோந்து பார்த்தேன், ஒரு காரமும் இல்லை. கோணி ஊசியால் தைத்தேன். பர்ஹத் உட்கார்ந்து பார்த்து, "பல்லக்கும்மா" என்றாள்.

12.11.2006, ஞாயிறு

போய் வந்தாச்சு. உடம்பெல்லாம் வலி, மனசு நிறைஞ்சு கிடக்கு.

மண்பாதை முடியும்வரை நாற்காலியை அவளே உருட்டி வந்தாள். அப்புறம் தூளி. முன்னால் அவுக, பின்னால் சங்கரபாண்டியன். பாதி வழியில் அவருக்கு ஒரே தும்மல். "பாய், சாக்கு காந்துதே. கையெல்லாம் எரியுது" என்றார். நாங்கள் மூணு பேரும் சிரித்தோம். "பட்டாசு மருந்து வாடையெல்லாம் தாங்குவீக, வத்தல் வாடைக்கு இம்புட்டு அலட்டலா" என்று நான் வேறு கேலி பண்ணினேன்.

ஓடையில் தூளியோடு அப்படியே இறக்கி உட்காரவைத்தோம். ரெண்டு மணி நேரம். தண்ணீரை அள்ளி அவள் அத்தா முகத்தில் அடித்தாள். எனக்கு அந்த நாலு வயசுப் பிள்ளையே திரும்பி வந்த மாதிரி இருந்தது. துண்டைச் சுற்றி அவசரமாக உடை மாற்றி, அதே ஈரச் சாக்கில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். வண்டியிலேயே தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை.

13.11.2006

காலையில குளிப்பாட்டும்போது பார்த்தேன். தொடைக்குப் பின்னால ரெண்டு பக்கமும் செக்கச்செவேல்னு, தோலு உரிஞ்சு, கொப்புளம். அவளுக்குத் தெரியலை. அவளுக்கு எப்படித் தெரியும்?

சாக்கு உரசினதும் காரமும் சேர்ந்துருச்சுன்னு டாக்டர் சொன்னார். "எரியுதுன்னு சொல்ல முடியாத பிள்ளை. நீங்கதானம்மா பாத்திருக்கணும்."

பதிமூணு வருஷம் வத்தல் வாடையிலேயே குடித்தனம் பண்ணி மூக்கும் கையும் மரத்துப்போன முண்டம் நான். வெளியாளு ஒருத்தர் வாயைத் திறந்து சொன்னார், நான் சிரிச்சேன். நான்தான் தைச்சேன். நான்தான்.

27.11.2006

குப்புறப் படுக்கைதான். உட்காரவே கூடாதாம். பள்ளிக்கூடம் இல்லை. சங்கரபாண்டியன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்க்கா" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

3.12.2006

இனிமேல் காடு, ஓடை ஒண்ணும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். குப்புறக் கிடந்தபடியே கேட்டாள்: "புண்ணு எனக்குத்தானே வந்துச்சு? பெறகு தண்டனையும் ஏன் எனக்கே குடுக்கீக?"

எழுந்து வந்துவிட்டேன். திமிர் பிடிச்ச கழுதை. அப்படியே என்னை மாதிரி.

14.1.2007

புண் ஆறிவிட்டது. தழும்பு இருக்கு. காலையும் சாயங்காலமும் நானே பார்க்கிறேன். "போதும்மா, கூச்சமா இருக்கு" என்கிறாள். இருக்கட்டும்.

22.7.2007

பீரோவைத் துடைக்கும்போது அன்றைக்கு ஓடையில் எடுத்த பழைய போட்டோ கிடைத்தது. என் இடுப்பில் அவள், ரெண்டு பேருக்கும் தலை நனைஞ்சிருக்கு. பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாரம் இப்பவும் இடது இடுப்பில் தெரிகிற மாதிரி இருக்கு. அந்தப் பிள்ளை இனி வராது. வந்தாலும் தூக்கத் தெம்பில்லை. யாரைத் தேடி அங்கே போனேன் நான்?

ஆனால் இங்கே ஒருத்தி இருக்கிறாளே. இன்றைக்கும் கேட்டாள். மழை விழட்டும் பார்ப்போம் என்றேன்.

18.11.2007, ஞாயிறு

போய் வந்தாச்சு.

இந்தத் தடவை புதுக் காடாத்துணி, எங்கள் கடைப்பக்கமே போகாதது. நேற்று தைத்து முடித்ததும் பர்ஹத் வாங்கி, நனைத்து, கழுத்தைச் சுற்றி அரை மணி நேரம் வைத்திருந்து பார்த்தாள். என்னை நம்பவில்லை. அதுவும் சரிதான். சங்கரபாண்டியனிடமும் ஒரு முனையைக் கொடுத்து, "தும்மல் வருதா மாமா?" என்று கேட்டாள். தண்ணீரில் எவ்வளவு நேரம் இருப்பது என்பதையும் அவளே கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். ஓடை அப்படியேதான் இருக்கு. நான் கரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்கவைத்ததும் கைக்கண்ணாடி கேட்டாள். கொடுத்தேன். "நானே பாத்துக்கிறேன். நீங்க கதவைச் சாத்திட்டு வெளியே இருங்க."

பன்னிரண்டு வருஷத்தில் அவள் உடம்பில் நான் பார்க்காத இடம் கிடையாது. கதவுக்கு வெளியே நின்றேன். எம்புட்டு நேரம்!

"ஒண்ணும் இல்லைம்மா. நல்லா இருக்கு."

கை கதவு வரைக்கும் போய்விட்டது. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன?

"சரி தாயி" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனேன்.