வலப்பக்கமும் பார்க்கணும்

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
12.7.1999

என் கண்ணு மமதாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. மெட்ராஸ் வெயிலில் இளைத்துவிடாதே. ஹாஸ்டல் சோறு பிடிக்காவிட்டாலும் தின்னு.

உங்கப்பா போனதிலிருந்து மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சைப் பிடிக்கிறது. துக்கம்தான், வேறென்ன. நீ பிடிவாதம் பிடித்தாயே என்று நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தேன். "இதய வால்வு சுருங்கியிருக்கு, ஆனா ரத்தம் பாயுற வேகம் மூணுக்குக் கீழதாம்மா. பயமில்ல, அடுத்த வருசம் வாங்க" என்றது எக்கோ எடுத்த தம்பி. நீ படிக்கிற அதே மிஷினாமே! என் மகளும் இதுதான் படிக்கிறாள் என்று வரிசையில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

அம்மா, செங்கேணி

சென்னை
20.7.1999

அன்புள்ள அம்மா,

உட்கார்ந்தால் முட்டாத மூச்சு படி ஏறினால் மட்டும் முட்டுகிறதே, துக்கத்துக்குப் படிக்கட்டு தெரியுமா?

தெருக்குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுமல்லவா? வால்வும் அப்படித்தான். பீய்ச்சுகிற வேகத்தைத்தான் அளக்கிறோம். கருவியை அதற்கு நேராகப் பிடிக்காவிட்டால் குறைத்துக் காட்டும். அது எந்தப் பக்கம் திரும்பிப் பாயும் என்று தெரியாது, அதனால் நெஞ்சின் வலப்பக்கமிருந்தும் பார்க்கணும். நிஜத்தைச் சொல்லு, ஆம்பளை எதிரில் ரவிக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தாயா?

என் சீனியர் ஜூடித் அக்கா அங்கே பெங்களூரிலேயே, லிங்கராஜபுரத்தில் இருக்கிறார். அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போ. நான் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா?

மமதா

ஸ்ரீராம்புரம்
4.8.1999

அடி கழுதை,

ஆமாம், பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். பாவம், அந்தத் தம்பி கூச்சப்பட்டு ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டது.

ஜூடித் என்னை வலப்பக்கம் ஒருக்களிக்க வைத்தாள். "ஆன்ட்டி, இங்க நாலரை காட்டுது!" என்றாள். நாலைத் தாண்டினாலே கடுமையாம். பெரிய டாக்டர் வந்து, ஆபரேஷன் செய்து வால்வை மாற்றணும் என்று சொல்லிவிட்டு, "மறுபடி பாக்கச் சொன்னது யாரும்மா?" என்றார். "என் மக சார். மெட்ராஸ்ல உக்காந்துக்கினே சொன்னா" என்றேன். அவர் தலையாட்டினதை நீ பார்த்திருக்கணும்.

ஆபரேஷன் வேணாம், உங்கப்பா போன வழியே போய்விடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் நீ படித்து முடித்து வெள்ளைக் கோட்டு போட்டு நிற்பதை உங்கப்பா பங்குக்கும் நான்தானே பார்க்கணும்? சரி என்று சொல்லிவிட்டேன். இந்த மாசம் 19-ம் தேதி, வியாழக்கிழமை ஆபரேஷன்.

வா, பார், திரும்பிப் போ. படிப்பை விட்டாயோ, என்னை அம்மா என்று கூப்பிடாதே. புது வால்வு வைத்த பிறகும் அளக்கணுமாம். அதை நீ வந்து அள. ரவிக்கையைப் பிடித்துக்கொள்ள மாட்டேன்.

எக்கோ மமதாவைப் பெற்றவள்,
செங்கேணி